முதல் தகவல் யாருடையது? நான் ஏன் இன்னும் முகநூலில் எழுதுகிறேன்



போன மாதம் ஒரு கல்லூரி விடுதியில் நம் மாணவர்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, உங்க பதிவுக்குக் கீழ வர்ற கமெண்ட்டெல்லாம் படிச்சா எனக்கே ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. உங்க அம்மா வரைக்கும் இழுத்துப் பேசுறானுங்க. அப்புறமும் ஏன் அங்கேயே இருக்கீங்க?"

நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். குரலற்றவர்களின் குரலாக இருக்க வேண்டும், ஊடகங்கள் நம்மைக் கண்டுகொள்வதில்லை, அதனால்தான் என்று. அவள் சிரித்துவிட்டாள். "அது மேடையில பேசுறது அண்ணா. உங்க காரணம் என்னன்னு கேட்டேன்."

பதில் சொல்ல முடியவில்லை. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். இதில் பெருமைப்பட்டுக்கொள்ளும் காரணங்களும் இருக்கின்றன, வெட்கப்பட வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

நான்கு வரிச் செய்தி

நான் பிளஸ் டூ படித்த வருடம். பொங்கல் முடிந்த மறுநாள், எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் ஊர்த்தெரு வழியாக பைக்கில் வந்தார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போகவில்லை என்பதுதான் குற்றம். அன்று ராத்திரி ஊரிலிருந்து கும்பலாக வந்தார்கள். பதினோரு வீட்டு ஓடுகள் உடைந்தன. எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த அப்பாவின் டிவிஎஸ் 50 எரிந்தது. பாட்டிக்குக் கையில் எலும்பு முறிவு. எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் திருப்பி ஒரு கல்கூட எறியவில்லை. எறியும் நிலையில் யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து டீக்கடையிலிருந்து அப்பா பேப்பர் வாங்கிவந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னார். உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி. தலைப்பு, "இரு பிரிவினரிடையே மோதல், பதற்றம், போலீஸ் குவிப்பு".

அப்பா மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "நாம எப்படா மோதுனோம்?"

என் முதல் காரணம் அந்தக் கேள்விதான். அடி வாங்கியதைவிட, அடி வாங்கியதை மோதல் என்று எழுதியதுதான் அவரை அதிகம் வாட்டியது. காவல் நிலையத்திலும் அதே கதைதான். இரண்டு பக்கமும் வழக்கு. எங்கள் பையன்கள் ஆறு பேர் பெயரும் அதில் இருந்தது. நடந்ததை முதலில் யார் சொல்கிறார்களோ அவர்கள் சொன்னதுதான் செய்தியிலும் நிற்கும், நீதிமன்றத்திலும் நிற்கும். சட்டத்திலேயே அதற்கு "முதல் தகவல் அறிக்கை" என்றுதான் பெயர். அந்த முதல் தகவல் எங்கள் கையில் இல்லை.

நம் முன்னோர்கள் பத்திரிகை நடத்தியது எதற்கு?

இது எனக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் "பறையன்" என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் "ஒரு பைசாத் தமிழன்" வந்தது. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் "மூக்நாயக்" இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். காசு கொடுத்தால் விளம்பரம் போடுவது எந்தப் பத்திரிகைக்கும் வழக்கம்தானே? மூக்நாயக் வரப்போகிறது என்ற அறிவிப்பைக் காசு வாங்கிக்கொண்டு போடக்கூட அன்றைய "கேசரி" மறுத்துவிட்டது. அம்பேத்கரே இதை எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நூறு வருடத்தில் நிலைமை எவ்வளவு மாறியது? 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிப் போய், ஒருவரைக்கூடக் காண முடியவில்லை என்று "பயனியர்" இதழில் எழுதினார். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஊடகங்களில் தலைமைப் பொறுப்புகள் 121. அதில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை.

செய்தி அறையில் நாம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கயர்லாஞ்சியை நினைத்துக்கொள்ளுங்கள். 2006 செப்டம்பர் 29, மகாராஷ்டிராவின் பண்டாரா மாவட்டம். சுரேகா போட்மாங்கே, மகள் பிரியங்கா, மகன்கள் ரோஷன், சுதிர் ஆகிய நான்கு பேரை ஊரே சேர்ந்து கொன்றது. பெரிய ஊடகங்கள் வாரக்கணக்கில் அதைப் பொருட்படுத்தவில்லை. மின்னஞ்சலிலும் வலைப்பூக்களிலும் குறுஞ்செய்தியிலும் நம் ஆட்கள் பரப்பிய பிறகு, தெருவில் இறங்கிய பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. ஆனாலும் தொடக்கத்தில் கிளப்பப்பட்ட "பழிவாங்கல்" கதை கடைசி வரை தொடர்ந்தது. கொலைக் குற்றம் நிரூபிக்கப்பட்டும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2010இல் உயர் நீதிமன்றமும் அதைப் பழிவாங்கும் நோக்கில் நடந்ததாகவே பார்த்து, தூக்குத் தண்டனையைக் குறைத்தது. சாதி என்ற சொல்லே அந்தக் கொலையிலிருந்து நழுவிப்போனது.

நடந்ததை நம் சொல்லில், நடந்த அன்றே எழுதிவைக்க என் கையில் இருக்கும் ஒரே பத்திரிகை இந்த ஃபோன்தான். இது முதல் காரணம்.

எனக்குச் சொற்கள் கிடைத்த இடம்

இரண்டாவது காரணம் இன்னும் சொந்தமானது.

படிப்பு முடித்து நகரத்தில் வேலைக்குப் போனபோது ஆறு வருடம் நான் சாதியை மறைத்து வாழ்ந்தேன். "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று யாராவது கேட்டால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வேன். சாப்பாட்டு மேசையில் இட ஒதுக்கீட்டைக் கேவலமாகப் பேசும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். இது என் கோழைத்தனம் என்று நினைத்திருந்தேன்.

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். அவருடைய கடிதம் முகநூல் முழுக்கப் பரவிய அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. யார் யாரோ தங்கள் விடுதிக் கதைகளை எழுதத் தொடங்கினார்கள். நான் மறைத்ததையே அவர்களும் மறைத்திருந்தார்கள். நான் தட்டைப் பார்த்ததுபோல அவர்களும் பார்த்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணி வரை படித்துக்கொண்டிருந்தேன். என் குறை என்று நான் நினைத்தது, என்னைச் சுற்றியிருந்தவர்கள் எனக்குச் செய்த கொடுமை என்று அன்றுதான் புரிந்தது. அந்த ஊரில் என் கூட்டாளிகள் என்று சொல்ல அப்போது ஒருவரும் இல்லை. திரையில் இருந்தார்கள்.

மறுநாள் முகப்புப் படமாக அம்பேத்கரை வைத்தேன். அதற்கும் விலை இருந்தது. மூன்று மாதத்தில் வீட்டுக்காரர் வந்து, "எங்க சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி, வீட்டைக் காலி பண்ணிக்குடுங்க" என்றார். அவர் மகன் என் நண்பர் பட்டியலில் இருந்தான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இதை வீரமாகச் சொல்லவில்லை. முகநூலில் அடையாளத்தோடு இருப்பதன் செலவு நம் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றல்ல என்பதைச் சொல்கிறேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஆய்வு நெறியாளர் கையில் எதிர்காலம் இருப்பவர்கள், ஊரில் பெற்றோரைத் தனியாக விட்டுவந்தவர்கள் வேறு பெயரில் எழுதினால் அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. எழுதாமல் இருந்தாலும் சொல்லக் கூடாது.

வெட்கப்பட வேண்டிய காரணம்

மூன்றாவதையும் சொல்லிவிடுகிறேன். பாராட்டு. நூறு பேர் விரும்பினால் அடுத்த பதிவு இன்னும் காரமாக வரும். ஐந்நூறு பேர் பகிர்ந்தால் நான் பெரிய ஆள் என்று தோன்றும். வாழ்நாள் முழுக்க "நீயெல்லாம் பேசாதே" என்று அடக்கப்பட்டவனுக்கு இந்த ருசி ரொம்பவே பிடித்துப்போகும். அந்த ருசி என்னை ஒரு தவறு செய்ய வைத்தது.

ஐந்து வருடத்துக்கு முன்பு பக்கத்து மாவட்டத்தில் கூலி கேட்ட ஒருவரைத் தோட்டத்துக்காரர் கட்டிவைத்து அடித்தார். தகவல் வந்ததும் மருத்துவமனைக்கு ஓடினேன். சட்டையில்லாமல், முதுகு முழுக்கத் தடிப்போடு அவர் குப்புறப் படுத்திருந்தார். படம் எடுத்தேன். முகமும் தெரிந்தது. அவரிடம் கேட்கவில்லை. பெயர், ஊர் எல்லாம் போட்டுப் பதிவிட்டேன். ஆயிரத்து நானூறு பகிர்வு. அதுவரை என் எந்தப் பதிவும் அவ்வளவு தூரம் போனதில்லை.

பத்து நாள் கழித்து அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "அந்தப் படத்த எல்லாரும் பாத்துட்டாங்க தம்பி. பொண்ணு பள்ளிக்கூடம் போகமாட்டேங்குது. எங்கப்பா முதுகத்தான் எல்லாரும் பாக்குறாங்கன்னு அழுவுது. இவரு வெளிய தல காட்டுறதில்ல. உங்களுக்கு ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் கொடுத்து, "விசாரிச்சிட்டுச் சொல்றோம்" என்று அனுப்பியிருந்தார்கள். முதல் தகவல் அறிக்கையே போடவில்லை. பகிர்ந்த ஆயிரத்து நானூறு பேரில் ஒருவரும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்தக் காகிதத்தைக் கேட்டுப் பார்க்கவில்லை. முதல் தகவல் நம் கையில் வேண்டும் என்று எழுத வந்தவன், உண்மையான முதல் தகவல் அறிக்கையைக் கோட்டை விட்டிருந்தேன்.

2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பலவீனமாக்கியபோது என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய கட்சி எதுவும் முன்னின்று அழைக்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் கைமாறிப் போன அழைப்பை ஏற்று ஏப்ரல் 2 அன்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன்கூட்டிய விசாரணை தேவையில்லை என்று அது சொல்கிறது. உயிரைக் கொடுத்து வாங்கிய அந்த வரியை நிலையத்தில் போய்ச் சொல்ல நாங்கள் ஒருவரும் இல்லை. நாங்கள் கமெண்ட்டுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு வழக்கறிஞர் தோழரோடு போய் வழக்குப் பதிய வைத்தோம். படத்தை நீக்கினேன். நான் நீக்கினேனே தவிர, பகிர்ந்தவர்கள் ஃபோனில் அது இன்னும் இருக்கும்.

அவர்கள் கையிலும் இதே ஃபோன்தான்

இந்த ஊடகம் இயல்பிலேயே நம் பக்கம் என்று நினைக்காதீர்கள். 2015இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்ட வழக்கில் தேடப்பட்ட யுவராஜ், தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டார். 2022இல் மதுரை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆனால் அந்தக் குரல் பதிவுகளை வீரக் கதையாகக் கேட்டு வளர்ந்த பையன்களும் இருக்கிறார்கள். இன்று இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அரிவாள் படம், சாதிப் பாட்டு, ஆண்ட பரம்பரை வசனம். எட்டாம் வகுப்புப் பையன் அதைப் பார்த்துவிட்டுக் கையில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவரை அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள்தான்.

தளம் நடத்தும் நிறுவனமும் நம்முடையது அல்ல. கும்பலாகப் புகார் கொடுத்தால் நம் கணக்கு முடங்கும். ஆறு வருடம் எழுதியதெல்லாம் ஒரே ராத்திரியில் போகும். எனக்கு ஒரு முறை போயிருக்கிறது.

அப்படியென்றால் விட்டுவிடலாமா? நாம் விட்டுப் போனால் அந்தப் பையன் பார்ப்பது அரிவாளை மட்டும்தான். அதனால் இருக்கிறேன். ஆனால் முன்பு இருந்த மாதிரி இல்லை.

இப்போது நான் செய்வது

சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் பெயரோ படமோ போடுவதில்லை. கேட்கும்போது, "இது எங்கெங்கே போகும், திரும்ப அழிக்க முடியாது" என்பதையும் சொல்கிறேன். பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவர், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். நல்ல நோக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பதிவில் கோபத்துக்கு முன்னால் விவரம். என்ன நடந்தது, எந்த நாள், எந்தக் காவல் நிலையம், குற்ற எண் என்ன, எந்தப் பிரிவுகள் போடப்பட்டிருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன. இந்தச் சட்டத்தில் விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். அறுபதாவது நாளில் இன்னொரு பதிவு போடுகிறேன். அதற்கு இருபது பேர்கூட விரும்புவதில்லை. ஆனால் நிலையத்தில் இருப்பவர்கள் படிக்கிறார்கள்.

பதிவு போடுவதற்கு முன் ஒரு ஃபோன் பேசுகிறேன். வழக்கறிஞரிடமோ, 14566 என்ற தேசிய உதவி எண்ணிலோ. யாரும் நிலையத்துக்குப் போகவில்லை என்றால் பதிவு காத்திருக்கும், நான் கிளம்புவேன்.

இணையத்தில் சாதியைச் சொல்லித் திட்டுபவர்களோடு வாதாடுவதில்லை, சேமிக்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள் பொதுப் பார்வையில் நடக்கும் இழிவுபடுத்தலையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்குகின்றன. எழுத்தாலோ பேச்சாலோ நம் மக்கள்மீது வெறுப்பைக் கிளப்புவது 3(1)(u). இணையத்தில் ஏற்றிய காணொளியும் பொதுப் பார்வைக்குள்தான் வரும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. இணைப்பு முகவரி, தேதி, நேரம், கணக்கின் முழு விவரம் எல்லாம் வேண்டும். எடுத்த ஃபோனை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் பிரிவு 63. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இதை உங்கள் வட்டத்தில் ஒரு நாள் வகுப்பாக எடுங்கள்.

எழுதியதை எல்லாம் தளத்துக்கு வெளியிலும் ஒரு பிரதி வைக்கிறேன். அயோத்திதாசரின் தமிழனை இன்று நாம் படிக்க முடிகிறதென்றால் பழைய இதழ்களை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான்.

தூக்கம் வரவில்லை என்று சொன்ன தங்கைக்கு ஒரு வார்த்தை. கமெண்ட்டைப் படித்துத்தான் போராளி ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மூடிவிட்டுத் தூங்கு. உன் கணக்கை இரண்டு மாதம் நிறுத்திவைத்தால் இயக்கம் ஒன்றும் நின்றுவிடாது. படிப்பை முடி. ஆனால் திரும்ப வரும்போது உன் காரணம் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வா. காரணம் இல்லாமல் வந்தால் அடுத்தவன் கோபம்தான் உன்னை ஓட்டும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

என் தாளில் இருப்பது அப்பா கேட்ட கேள்விதான். அப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. தெருவில் ஏதாவது நடந்தால் எனக்கு ஃபோன் போட்டுச் சொல்வார். நான் எழுதியதும் பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பார். போன வாரமும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "ஓடு உடைஞ்சது மூணு வீடு இல்ல, நாலுன்னு போடச் சொல்லு" என்றாராம்.

திருத்திவிட்டேன்.

ஜெய் பீம்.